எட்டுச் சொம்பு மரம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால, ரயிலு நம்ம சீமைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காத காலத்துல, இந்த வாகையூரணியில வழிவிட்டான் வழிவிட்டான்னு ஒருத்தன் இருந்தானாம்.

அவன் இவன்னு பேசுறேன்னு மொறைக்காதீக. சம்பந்தம் பண்ண வந்த எடத்துல இந்த மரத்துப் பேரைப் பத்திக் கேட்டீக, சொல்றேன். ஊர்ல பெரிய மனுசன் எல்லாத்துக்கும் எனக்கு மரியாதை வரும். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் வராது. அவனும் எனக்கு அந்நியம் இல்ல. எங்க பூட்டி இருளாயிக்குக் கூடப்பொறந்த அண்ணன். அதனால அவனைத் திட்ட ஊர்ல எனக்குத்தான் மொத உரிமை.

வழிவிட்டானுக்குத் தண்ணி பாக்குறதுதான் தொழில். இப்ப தேங்காயைக் கையில வச்சுக்கிட்டு வாராகளே, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாராகளே, அதெல்லாம் கெடையாது. விடியக்காலையில வெறும் வயித்தோட கெளம்புவானாம். செருப்பைக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிருவானாம். கரையான் புத்து எங்க இருக்குன்னு பாப்பான். பசுமாடு எந்த எடத்துல படுத்து அசை போடுதுன்னு பாப்பான். பனி எந்தப் புல்லுல தங்கி நிக்குதுன்னு பாப்பான். பாத்துட்டு நிப்பான். குனிவான். ஒரு பிடி மண்ணை அள்ளுவான். மோப்பான். நுனி நாக்குல வைப்பான். துப்புவான்.

“இங்க வெட்டு. பதினாறு மொழம். தெக்க இருந்து வரும் ஊத்து.”

வெட்டுனா பதினாறு மொழத்துல தெக்க இருந்து வருமாம். பதினஞ்சுல வராதாம், பதினேழுக்குப் போகாதாம். அப்பிடிச் சொல்லுவாக.

சுத்துப்பட்டுல முப்பது ஊருக்கு அவன் பாத்த கெணறுதான். ஊர் ஊருக்கு வேட்டி, ஊர் ஊருக்கு மாலை. தலை கனத்துப் போச்சு. “தண்ணியா? அது எங் காலடியிலல்ல படுத்துக் கெடக்கு”ம்பானாம். அப்பிடிச் சொல்லும்போது அவனோட சேந்து ஒருத்தர் சிரிப்பாகளாம். அவுகதான் எங்க பூட்டன் கூரி. இருளாயி புருசன். வழிவிட்டான் எடம் காட்டுவான், கூரி குழிக்குள்ள எறங்குவாக. குழி வெட்டுறதுல அவுகளை அடிச்சுக்க ஆள் இல்ல. மச்சான் சொன்னாச் சரி, மச்சான் கால் காட்டுன எடம் சாமி காட்டுன எடம். அப்பிடி ஒரு நம்பிக்கை.

கெணறு வெட்டுறவுகளுக்கு அந்தக் காலத்துல ஒரு சட்டம் உண்டும். சூடம் பொருத்தித் தேங்கா ஒடைச்சு மொத மண்வெட்டி போட்டுட்டா, தண்ணி மொகம் பாக்காம அந்தக் குழியை விட்டு எந்திரிக்கக் கூடாது. பாதியில விட்ட குழி, வெட்டுனவன் குடும்பத்தைக் காவு கேக்கும்னு ஒரு பயம். பாறை வந்தாலும் வெட்டு, ஆள் சோந்தாலும் வெட்டு. இது எல்லாத்துக்கும் தெரிஞ்ச சட்டம். ஆனா அதை வழிவிட்டான் மாதிரிப் பிடிச்சுத் தொங்குனவன் ஒருத்தனும் இல்ல. அதை ஞாபகம் வச்சுக்கங்க.

அப்ப நம்ம பக்கம் மூணு வருசம் மழை இல்ல. மூணு வருசம்! கம்மாய் வெடிச்சுப் பாளம் பாளமாக் கெடந்துச்சாம். சனங்க கத்தாழங்கெழங்கை வேக வச்சுத் தின்னாக. அந்த நேரத்துல காரைக்கால்ல இருந்து மரியதாசுன்னு ஒருத்தர் வந்தாரு. பிரெஞ்சுக்காரன் பாசை பேசத் தெரிஞ்சவரு. வந்து மந்தையில நின்னு சொன்னாராம்:

“கடலுக்கு அங்கிட்டு மடகாஸ்கர்னு ஒரு பெருந்தீவு இருக்கு. நம்ம ஆளுக அதிகம் போகாத நாடு. அங்க பிரெஞ்சு தொரை ஒருத்தர் தெக்க பாத்து ஒரு பாதை போடுறாரு. வழி நெடுகக் கெணறு வேணும். தண்ணி பாக்குறவனும் வெட்டுறவனும் வேணும்னு கேக்குறாரு. ரெண்டு வருசம். சோறு உண்டு.”

சோறு உண்டுன்ன உடனே எல்லாத் தலையும் நிமிந்துச்சாம். வழிவிட்டான் மொத ஆளாக் கையைத் தூக்கிட்டான். எட்டுப் பேரைச் சேத்துக்கிட்டான். எட்டுல ஒருத்தர் கூரி.

கூரிக்கு மனசு இல்ல. பூட்டி அப்ப வயித்துப்புள்ளக்காரி. “மச்சான், இவளை இப்பிடி விட்டுட்டு நான் எங்குட்டு வர்றது?”ன்னாகளாம். இவன் விடல. “நீ இல்லாம எங் கை ஓடாது மாப்ள”ன்னான். தங்கச்சிகிட்டப் போய் நின்னான்.

“அண்ணே, நாடு தெரியாது, பாசை தெரியாது. போயித்தான் ஆகணுமா?”

“தாயி, கூட்டிட்டுப் போற நானே கொண்டாந்து விடுவேன். ஒம் புருசன் தொண்டை காயாது. அண்ணன் இருக்கேன்ல?”

தொண்டை காயாதுன்னான். பாத்தீகளா? அந்த வார்த்தையைத்தான் சொன்னான்.

போனாக. காரைக்கால் வரைக்கும் நடந்து, அங்க கப்பல் ஏறி, கடல்ல கெடந்தாக கெடந்தாக, ஒரு மாசத்துக்கு மேல கெடந்தாகளாம். குடல் வாய்க்கு வந்துச்சு. ஒரு நா வெள்ளெனக் கண்ணு முழிச்சா, எதுத்தாப்புல கறுப்பா ஒரு கரை.

எறங்குனா மழை. எப்பிடி மழை? நிக்காத மழை. காலையில பெய்யும், மத்தியானம் பெய்யும், சாயங்காலம் பெய்யும். காடு அப்பிடி ஒரு காடு. மரத்துமேல மரம், கொடிமேல கொடி, எலை ஒவ்வொண்ணும் முறம் அகலம். கல்லைத் தொட்டாத் தண்ணி, எலையைத் தொட்டாத் தண்ணி. மூணு வருசம் மழை பாக்காத ஆளுகல்ல? ஒன்பது பேரும் வேட்டியை அவுத்துப் போட்டுட்டு மழைக்குள்ள நின்னு ஆடுனாகளாம். கூரி வாயைத் தொறந்து வானத்தைப் பாத்து நின்னாகளாம். “மச்சான், இந்த நாட்டுல நமக்கு என்ன வேலை? கெணறு வெட்டுனா சனங்க சிரிப்பாக”ன்னாக.

அங்க இருந்து மலை ஏறுனாக. காடு முடிஞ்சு போச்சு. மேல போனா நம்ம செம்மண்ணு! நம்ம நெல்லு! மலையைப் படி படியா வெட்டி, படிக்கு ஒரு வயலு. ஏர் கட்டுன மாட்டுக்கு நம்ம மாடு மாதிரியே திமிலு. சனங்க மூணு வேளையும் சோறு திங்கிறாக. குளிரு மட்டும் எலும்பைப் பிடிக்கும். அந்தக் குளிருல வழிவிட்டான் செருப்பைக் கழட்டுனான். குனிஞ்சான். மண்ணை அள்ளுனான். மோந்தான். துப்புனான். “இங்க வெட்டு. பன்னெண்டு மொழம்”னான். பன்னெண்டுல வந்துச்சு. இன்னொரு எடம், ஒன்பதுன்னான். ஒன்பதுல வந்துச்சு. தொரை தொப்பியைக் கழட்டிக் கையைத் தட்டுனானாம்.

அங்கதான் வெனை பிடிச்சுச்சு. கை தட்டாம இருந்திருந்தா எங்க பூட்டன் வீடு வந்து சேந்திருப்பாகன்னு எங்க ஆத்தா சொல்லும்.

மலையை விட்டுத் தெக்க எறங்க எறங்க, நாடு மாறிக்கிட்டே போச்சாம். மொதல்ல ஆள் ஒசரப் புல்லு, கண்ணுக்கு எட்டுன மட்டும் புல்லு. பெறகு பாறை, கோயில் கோபுரம் மாதிரி தனித்தனியாப் பாறை. பெறகு ஆறு, ஆத்துல மணலு. அங்க ஒரு சீவன் பாத்தாகளாம். கொரங்குன்னா கொரங்கு இல்ல, பூனைன்னா பூனை இல்ல. வாலு வெள்ளையும் கறுப்புமா வளையம் வளையமா இருக்கும். விடிஞ்ச உடனே சூரியனைப் பாத்துச் சம்மணம் போட்டு, ரெண்டு கையையும் விரிச்சு ஒக்காந்திருக்கும். கூரி அதைப் பாத்து, “மச்சான், இது நம்மளை விட பக்தியா சாமி கும்புடுதே”ன்னு சொல்லிச் சிரிச்சாகளாம். கடைசியா அவுக சிரிச்சது அதுதான்னு பேச்சு.

அதுக்குத் தெக்க முள்ளு. வெறும் முள்ளு. மரம் பூராம் முள்ளு, அடியில இருந்து நுனி வரைக்கும். எலை கெடையாது. பச்சை கெடையாது. குருவி கத்துறது கெடையாது. அந்தக் காட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால தொரை வண்டியை நிறுத்திட்டான். மரியதாசு அவன் சொன்னதைத் தமிழ்ல சொன்னாரு:

“வழிவிட்டான், தொரை கேக்குறாரு. இங்கிட்டுத் தண்ணிக்கு வழி இல்ல. நாலு பீப்பாத் தண்ணி ஏத்தணும். அப்பிடி ஏத்துனா கடப்பாரை, கவுறு, வெடிமருந்து எல்லாத்தையும் அடுத்த நடைக்குத்தான் கொண்டாரணும். என்ன செய்யலாம்?”

வழிவிட்டான் சிரிச்சானாம். “ரெண்டு பீப்பாய் போதும்யா. மிச்ச எடத்துல சாமானை ஏத்துங்க. தண்ணி பாக்குறவன் தண்ணியச் சொமந்துக்கிட்டுப் போனான்னா ஊர்ல காறித் துப்ப மாட்டாக?”

ரெண்டு பீப்பாய். ஒன்பது ஆளு. ரெண்டே பீப்பாய்.

நடுக் காட்டுல கொண்டுபோய் எறக்கி விட்டாக. “எட்டா நா வண்டி திரும்ப வரும். அதுக்குள்ள ஊத்தைப் பிடிச்சு வைங்க”ன்னு சொல்லிட்டுத் தொரையும் மரியதாசும் வண்டியோட திரும்பிட்டாக.

எறங்குன எடத்துல ஒரு மரம் நிக்குது. என்ன மரம்? பேரு தெரியாத மரம். பத்துப் பேரு கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது. அடியில இருந்து மேல வரைக்கும் ஒரே தடிமன். உச்சியில மட்டும் நாலு குச்சி, எலை இல்லாம. “இதென்னடா, மரமா குலுக்கையா?”ன்னாகளாம் நம்ம ஆளுக. நெல்லு கொட்டி வைக்கிற குலுக்கை மாதிரி அம்புட்டுப் பெருசு, அம்புட்டு வழுவழுப்பு.

வழிவிட்டான் அதைச் சுத்தி வந்தான். பக்கத்துல ஒரு கரையான் புத்து. “இம்புட்டுப் பெரிய மரம் சும்மா நிக்காதுல்ல? புத்தும் இருக்கு. அடியில ஆறு ஓடுது மாப்ள”ன்னான். செருப்பைக் கழட்டுனான். குனிஞ்சான். மண்ணை அள்ளுனான். மோந்தான்.

மோந்துட்டு இன்னொரு பிடி அள்ளி மோந்தானாம். அந்த மண்ணுல வாசமே இல்லையாம். ஆனா எட்டுப் பேரு பாத்துக்கிட்டு நிக்கிறாக. வாசம் இல்லைன்னு சொல்ல வாய் வரல அவனுக்கு. “இருவது மொழம்”னான்.

கடக்கரையில இருந்து கொண்டாந்த தேங்காயை ஒடைச்சாக. சூடம் பொருத்துனாக. மண்வெட்டி போட்டாக. போச்சா? இனிமே எந்திரிக்க முடியாது.

அந்த மொத நாளே கூரி ஒண்ணு கேட்டாக. மரத்துல அடியில இருந்து உச்சி வரைக்கும் ஒரு சாண் நீளத்துக்கு ஆப்பு ஆப்பா அடிச்சிருந்துச்சாம், ஏணிப்படி கணக்கா.

“மச்சான், யாரோ ஏறுறதுக்குல்ல அடிச்சிருக்காக? நான் ஏறிப் பாத்துட்டு வரவா?”

“தேன் எடுக்குறவன் அடிச்சிருப்பான் மாப்ள. நமக்கு மேல என்ன சோலி? நம்ம சோலி கீழ. நீ குழிக்குள்ள எறங்கு.”

எறங்கிட்டாக. மச்சான் சொன்னாச் சரி.

வெட்டுனாக. அஞ்சு மொழம், பத்து மொழம். மண்ணு சாம்பல் மாதிரி வருது. பதினஞ்சுல வெள்ளைப் பாறை. கடப்பாரை போட்டாக, மருந்து வச்சாக. இருவது மொழம் வந்துச்சு, ஈரம் வரல. “இன்னும் ரெண்டு மொழம்”னான். இருவத்திரெண்டு. “இன்னும் ரெண்டு”ன்னான். வேலை செய்யச் செய்ய வேர்வை. வேர்வை ஊத்த ஊத்தத் தாகம். மொதப் பீப்பாய் நாலா நா காலி. நல்லா வெளங்கிக்கங்க, தண்ணி தேடுறதுக்கே தண்ணியக் குடிச்சுத் தீத்தாக.

அஞ்சா நா கூரி குழியை விட்டு மேல ஏறி வந்து சொன்னாக. “மச்சான், போட்டுருவோம். எல்லாரும் இந்த மரத்து நெழல்ல அசையாம படுப்போம். வேலை செஞ்சா ஆளுக்கு நாலு செரட்டை வேணும். படுத்துக் கெடந்தா ஒரு செரட்டையில ஓட்டிரலாம். எட்டா நா வண்டி வந்துரும்ல?”

எம்புட்டு நல்ல வார்த்தை! அதைக் கேட்டிருந்தா ஒன்பது பேரும் பொழைச்சிருப்பாக. வழிவிட்டான் என்ன சொன்னான் தெரியுமா?

“தேங்கா ஒடைச்சாச்சு மாப்ள. குழியைப் பாதியில விட்டா ஒம் பொண்டாட்டி வயித்துல இருக்கிறதைக் கேக்கும். வெட்டு.”

எங்க பூட்டன் புள்ளைக்குப் பயந்துக்கிட்டுத் திரும்பக் குழிக்குள்ள எறங்கிட்டாக.

எட்டா நா வந்துச்சு. வண்டி வரல. ஒன்பதா நா வண்டி வரல. ஏன் வரல? பெறகுதான் தெரிஞ்சுச்சாம். வடக்க மலையில பேய் மழை பெஞ்சு, மணலாக் கெடந்த ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடியிருக்கு. வண்டி அக்கரையில நிக்குது, கடக்க முடியல. அங்கிட்டு வெள்ளம், இங்கிட்டு ஒரு சொட்டு இல்ல. சாமி இருக்குன்னு சொல்றீக, இதுக்கு என்ன பதில் வச்சிருக்குன்னு நான் பல நா கேட்டுருக்கேன்.

பத்தா நா ரெண்டாம் பீப்பாய் அடி தட்டிருச்சு. பதினோரா நா முப்பத்திநாலு மொழத்துல தண்ணி கண்டுச்சு. கண்டுச்சு! அடியில இருந்து கத்துனாக, மேல இருந்து கத்துனாக. வாளியில மொண்டு மேல தூக்குனாக. வழிவிட்டான் நாக்குல வச்சான்.

உப்பு. கடல் தண்ணியை விடக் கடும் உப்பு.

வேணாம் வேணாம்னு கூரி கத்தக் கத்த, ரெண்டு பேரு அதைக் குடிச்சுட்டாக. வாந்தி எடுத்து எடுத்தே அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள போயிட்டாக. மறுநா மூணு பேரு. அதுக்கு மறுநா ரெண்டு பேரு. பொதைக்கத் தெம்பு இல்ல. வெட்டுன குழியிலேயே எறக்குனாகளாம். ஊர்ல கெணறு வெட்டிக் கல்யாணத்துக்கும் கஞ்சித் தொட்டிக்கும் தண்ணி குடுத்த ஆளுக, அவுக வெட்டுன குழிக்குள்ளேயே போயிட்டாக.

மிச்சம் ரெண்டு பேரு. மச்சானும் மாப்ளையும். மரத்துல முதுகைச் சாச்சு ஒக்காந்திருக்காக. கூரிக்கு நாக்கு வீங்கி வெளிய வந்துருச்சு. பேச்சு கொழறுது. ஆனாலும் சொன்னாக. என்ன சொன்னாகன்னு கேளுங்க.

“மச்சான். நீ பொழைச்சுப் போனா, நான் காய்ச்சல்ல போயிட்டேன்னு இருளாயிகிட்டச் சொல்லிரு. தாகத்துல செத்தேன்னு சொல்லிராத. அவளுக்குப் பெறகு தண்ணி எறங்காது.”

சாகப்போற நேரத்துல அம்புட்டுத்தான் கேட்டாக. அடுத்த விடியல்ல உசுரு இல்ல.

அன்னைக்கே, பொழுது நல்லா ஏறுன நேரத்துல, அந்தச் சீமைப் பொம்பளை ஒருத்தி மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தாளாம். இடுப்புல ஒரு கவுறு, தோள்ல ஒரு சொரக்குடுக்கை. வந்தவ, மரத்தடியில கெடக்குற ரெண்டு பேரையும் பாத்தா. விறுவிறுன்னு அந்த ஆப்பைப் பிடிச்சு மரத்துமேல ஏறுனா. உச்சிக்குப் போயி, ஒரு மூடியை எடுத்தா. கவுத்துல குடுக்கையைக் கட்டி மரத்துக்குள்ள எறக்குனா. தளக்குன்னு சத்தம் கேட்டுச்சாம்.

மரம் பூராம் தண்ணி!

உள்ள கொடைஞ்சு வச்சு, மழைக்காலத்துல ஊத்தி நெரப்பி, வேனலுக்கு எடுத்துக் குடிப்பாகளாம் அந்தச் சீமையில. குடும்பத்துக்கு ஒரு மரம். ஒன்பது பேரு ஒக்காந்த எடத்துக்குத் தலைக்கு மேல, முதுகு சாச்ச பட்டைக்கு அங்கிட்டு, ஒரு சாண் தள்ளித் தண்ணி இருந்திருக்கு. பதினாலு நாளும் இருந்திருக்கு. கூரி ஏறிப் பாக்கவான்னு கேட்ட மொத நாளும் இருந்திருக்கு.

அவ எறங்கி வந்து, மொதல்ல எங்க பூட்டன் வாயில ஊத்துனாளாம், உசுரு இருக்குன்னு நெனச்சு. அது கடவாயில வழிஞ்சு மண்ணுல போச்சு. பெறகு இவன் வாயில வச்சா. இவன் குடிச்சான். மாட்டேன்னு தலையை ஆட்டணும்னு நெனச்சானாம். ஆனாக் குடிச்சான். குடுக்கை பூராவும் குடிச்சான். இன்னொண்ணு கேட்டான்.

அதுக்காக நான் அவனைத் திட்டல. தாகம்னா அப்பிடித்தான்.

நாலு வருசம் கழிச்சு ஒத்தை ஆளா ஊருக்குத் திரும்பி வந்தான். தாடியும் மயிரும் வெள்ளையாகி. ஊருணியில பொம்பளைக தண்ணி மொள்ளுற நேரம். இருளாயி கொடத்தோட படியில நிக்கிறா. இடுப்புல நாலு வயசுப் பொம்பளைப்புள்ள. அதுதான் எங்க ஆத்தாவைப் பெத்தது, அப்பன் மொகம் பாக்காதது.

“அண்ணே, அவுக எங்க?”

காய்ச்சல்னு சொல்லியிருக்கலாம்ல? ஒத்தை வார்த்தை. கூரி கேட்டுக்கிட்டது அது ஒண்ணுதானே? சொல்லல. அம்புட்டுச் சனத்துக்கும் முன்னால மண்ணுல விழுந்தான். “தண்ணிக்கு அடியில ஒக்காந்து தாகத்துல செத்தாக தாயி. நாந்தேன் கொன்னேன்”னு, ரெண்டு பீப்பாயில ஆரம்பிச்சுக் கடைசி வார்த்தை வரைக்கும் அம்புட்டையும் சொல்லிட்டான்.

இதுதான். இதுக்குத்தான் அவனை நான் அவன்னு சொல்றது. அவன் நெஞ்சுப் பாரத்தை எறக்கி வைக்க எங்க பூட்டி தலையில ஏத்திட்டான். கூரி சொன்ன மாதிரியே ஆச்சு. அன்னையில இருந்து அவளுக்குத் தண்ணி எறங்கல. வாயில ஊத்துவா, தொண்டையில நிக்கும், துப்பிருவா. ஈரத் துணியைச் சப்பிச் சப்பித்தான் உசுரை வச்சிருந்தாளாம். ஒரு வார்த்தை மட்டும் அண்ணன்காரன்கிட்டச் சொன்னா. “எங் கையால ஒனக்குத் தண்ணி கெடையாது.”

அதுக்குப் பெறகு வழிவிட்டான் தண்ணி பாக்கல. எந்த ஊர்க்காரன் கூப்பிட்டாலும், “எனக்குத் தெரியாதுய்யா, போங்க”ன்னான். அந்த மரத்து நெத்து ஒண்ணைக் கொண்டாந்திருந்தான். அதை ஊருக்கு வெளிய, வண்டிப் பாதை ஓரத்துல ஊண்டி, பக்கத்துல ஒரு குடிசை போட்டு ஒக்காந்துட்டான். கடக்கரைப் பக்கம் பப்பரப்புளின்னு சொல்லுவாகளே, அந்தச் சாதிதான். நம்ம ஊருல அதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்ல.

பதினோரு வருசம் இருந்தான். ஒரு சித்திரையில விழுந்துட்டான். இன்னைக்கோ நாளைக்கோன்னு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. நம்ம வழக்கம் தெரியும்ல? போற உசுருக்கு வாயில தண்ணி ஊத்தணும். செத்த எட்டுப் பேரு வீட்டுப் பொம்பளைகளும் வைராக்கியத்தை விட்டுட்டு ஆளுக்கு ஒரு சொம்போட வந்தாக. ஏழு வீட்டுக்காரிகளும் குனிஞ்சு வாயில ஊத்தப் போனாக. பல்லைக் கடிச்சுக்கிட்டான். தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுனான். வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தான்.

எட்டாவதா இருளாயி வந்தா. கையில சொம்பு. அண்ணன்காரன் வாயைத் தொறந்தான்.

நின்னா. ரொம்ப நேரம் நின்னா. கூட இருந்தவுக, “ஊத்து தாயி, ஊத்து”ன்னு சொன்னாக. குனிஞ்சா. குனிஞ்சவ நிமிந்துட்டா. வெளிய போயி, சொம்புத் தண்ணி பூராவையும் அந்த மரத்து அடியில ஊத்திட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்குப் போயிட்டா. தொறந்த வாய் மூடாம உசுரு போச்சு.

சாகப்போறவனுக்குக் கொண்டாந்த தண்ணிய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதுல்ல? மத்த ஏழு பேரும் அவ ஊத்துன எடத்துலேயே ஊத்திட்டுப் போனாக.

அதுல இருந்துதான் இது எட்டுச் சொம்பு மரம். வருசா வருசம் சித்திரை கடைசி வெள்ளி, செத்த எட்டுப் பேரு வீட்டுல இருந்தும் ஆளுக்கு ஒரு சொம்பு கொண்டாந்து வேருல ஊத்தணும். வழிவிட்டான் வகையறா, அதான் அவன் மக்க வழி வந்தவுக, அன்னைக்கு விடிஞ்சதுல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது. எட்டாவது சொம்பு ஊத்துனாத்தான் அவுகளுக்குத் தண்ணி. எட்டாவது எங்க வீட்டுச் சொம்பு. ஆத்தாவுக்குப் பெறகு மக, மகளுக்குப் பெறகு அவ மக. இப்ப நான்.

எங்க ஆத்தா வேணும்னே பொழுது சாயுற வரைக்கும் ஊத்தாம நின்ன வருசமெல்லாம் உண்டும். நானும் நிக்க வச்சிருக்கேன். ஒரு வருசம் அந்த வீட்டுக் கெழவன் மயங்கி விழுந்தாரு. அதைப் பாத்தும் மனசு எறங்கல எனக்கு. பொய் சொல்லி என்ன செய்ய? அவுக என்ன செஞ்சாக எனக்கு? ஒண்ணும் செய்யல.

ஊத்த ஊத்த ஆறும்னு பெரியவுக சொல்லுவாக. நூறு வருசத்துக்கு மேல ஊத்தியாச்சு. மரம்தான் பெருத்துப்போயி நிக்குது. எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு இன்னும் மொத மடக்குத் தண்ணி தொண்டையில நின்னுதான் எறங்குது.

ஏழு சொம்பும் ஊத்தியாச்சா? அந்தா, வெயில்ல நிக்கிறாகளே, அதுதான் வழிவிட்டான் வகையறா. கடைசியில நிக்கிற மருமக ஏழு மாசம். ஒதட்டை நக்கிக்கிட்டு என்னையத்தான் பாக்குறா. அந்தச் சொம்பை இங்கிட்டுத் தாங்க. மனசு ஆறி ஊத்தல. அந்தப் புள்ளைக்குத் தாகமா இருக்கு, அதுக்கு ஊத்துறேன்.